ஒபரேசன் செய்த கண்ணில் மறுபடியும் புகை

"ஒபரேசன் பண்ணி ரெண்டு வருசம் நல்லாத்தான் இருந்திச்சு டொக்டர். இப்ப மறுபடி பொகை மூடின மாதிரி இருக்கு." மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்துப் பதுளைக்கு வரும் ஒரு முதியவர் கண் கிளினிக்கில் இப்படிச் சொன்னால் வைத்தியர் ஆச்சரியப்படமாட்டார். கூட வந்த மகளுக்குத்தான் கவலை. எடுத்த புரை மறுபடி வளர்ந்துவிட்டதா? உள்ளே வைத்த லென்ஸ் பழுதாகிவிட்டதா? இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு இந்த மூன்றுக்கும் பதில் இல்லை என்பதே. புரையாக மாறுவதற்கு அந்தக் கண்ணில் இயற்கை வில்லையே கிடையாது; அதைத்தான் எடுத்தாயிற்றே. செயற்கை லென்ஸ் பல பத்தாண்டுகள் தெளிவாக இருக்கக்கூடியது. மங்கியிருப்பது அந்த லென்ஸுக்குப் பின்னால், கண்ணோடு பிறந்த ஒரு மெல்லிய சவ்வு. வைத்தியர்கள் இதைப் பின்னுறை மங்கல் என்கிறார்கள். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு நாளடைவில் பார்வை குறைய உலகெங்கும் மிகப் பொதுவான காரணம் இதுதான். இதைச் சரிசெய்யக் கத்தியும் தையலும் வேண்டியதில்லை. லேசர் இயந்திரத்தின் முன்னால் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும்.

விட்டுவைத்த உறை

பலாக்கொட்டையை உரித்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று விளங்கும். கொட்டையை விடாமல் சுற்றி ஒட்டியிருக்கும் தோலைப் போல, கண்மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை வில்லையையும் ஓர் உறை முழுவதுமாக மூடியிருக்கிறது. பின்பக்கத்தின் நடுவில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவுதான். வில்லைக்குள் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நெருக்கமாக அடுக்கப்பட்ட நார்களும் அவற்றை நிரப்பும் தெளிவான புரதங்களுமே உண்டு. வயது ஏற ஏற அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. நேராகப் போக வேண்டிய ஒளி சிதறுகிறது. இதுவே கண்புரை.

வயதுதான் முதற்காரணம். நீரிழிவு, புகைத்தல், நீண்டகால வெயில் ஆகியவை அதை விரைவுபடுத்தும். இந்தியா, நேபாளம் எல்லைப் பகுதிப் பெண்களிடம் செய்யப்பட்டு 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, புகைபோக்கி இல்லாத அடுப்பில் விறகு எரித்துச் சமைப்பதற்கும் கண்புரைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் லயத்துக் காம்பிராவின் சிறிய குசினியில் விறகு ஊதும் பெண்களுக்கு வெயில், புகை இரண்டுமே பழக்கமானவை. இலங்கையில் 2014-15 தேசிய கணக்கெடுப்பில், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 1.7 சதவீதத்தினர் பார்வையற்றவர்களாக இருந்தனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் கண்புரை.

ஒரு தலைமுறைக்கு முன் பரவலாக இருந்த சத்திரசிகிச்சையில் வில்லையை உறையோடு சேர்த்து முழுதாக எடுத்துவிடுவார்கள். பின்னுறையே இல்லாததால் அது மங்கவும் வழியில்லை. ஆனால், எடுத்த வில்லைக்குப் பதிலாக நோயாளி சோடாப்புட்டிக் கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண்ணாடியில் பொருட்கள் ஏறத்தாழ கால்வாசி பெரிதாகவும் அருகில் இருப்பதாகவும் தெரியும், ஓரப்பார்வை மறைந்துவிடும். சமதரையில் எப்படியோ சமாளிக்கலாம். ஹப்புத்தளைச் சரிவில் ஈரக் கற்படியில் கால் வைப்பவருக்கு அது ஆபத்து.

செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வைக்கும் வழியைக் காட்டியவர் லண்டன் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி. இரண்டாம் உலகப்போரில் போர்விமானங்களின் மேல்மூடி உடைந்து அக்ரிலிக் சிதறல்கள் விமானிகளின் கண்ணில் புகுந்தன. உள்ளேயே தங்கிய சிதறல்களைக் கண் பெரிய எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டதை ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தோமஸ் வைத்தியசாலையில் முதன்முறையாக ஒரு பெண்ணின் கண்ணுக்குள் வைத்தார்.

லென்ஸ் உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் உறை. இன்றைய சத்திரசிகிச்சையில் உறையின் முன்பக்கத்தில் ஐந்து மில்லிமீற்றர் அளவில் வட்டமாகத் திறந்து, மங்கிய வில்லையை உடைத்து வெளியே எடுத்து, காலியான பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பின்பக்க உறையைத் தொடாமல் விட்டால்தான் லென்ஸ் நிலையாக நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியுடல் என்ற கூழ் முன்னுக்கு வராமல் இருக்கும்.

பழைய முறையையும் இந்தப் புதிய முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளுள் ஒன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்து 1998-ல் வெளியானது. நோயாளிகள் தம் அன்றாட வாழ்வில் உணர்ந்த பலனில் உள்லென்ஸே மேலாக நின்றது. அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் இறக்குமதி லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியதால், ஏழைகளுக்கும் அது எட்டியது. லென்ஸ் தங்குவதற்காக விட்டுவைத்த அந்த உறைதான் பின்னாளில் மங்குகிறது. புதிய முறைக்குக் கொடுக்கும் விலை என்று இதைச் சொல்லலாம். சிறிய விலைதான். ஆனால் அதைப் பற்றி நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

மிஞ்சிய கலங்கள்

உறையின் முன்பக்க உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக மேலணிக் கலங்கள் ஒட்டியிருக்கின்றன. பின்பக்கத்தில் கிடையாது. வில்லையின் விளிம்பில் இருக்கும் கலங்கள் வாழ்நாள் முழுவதும் பிரிந்து, நீண்டு, புதிய நார்களாகிக்கொண்டே இருக்கும். சத்திரசிகிச்சையில் வில்லையை எடுத்த பிறகு பையை எவ்வளவு கவனமாகக் கழுவினாலும், விளிம்பின் மடிப்புக்குள் சில கலங்கள் தப்பிவிடும்.

தப்பியவற்றுக்கு வில்லை போய்விட்டது தெரியாது. அவை பெருகுகின்றன. வெறுமையாக இருக்கும் பின்னுறையின் மீது ஊர்ந்து நடுப்பகுதியை நோக்கி வருகின்றன. அங்கே இரண்டில் ஒன்று நடக்கும். சில கலங்கள் நார்களாக மாற முயன்று, முடியாமல் ஊதிப்போய், குமிழ்க் கொத்துகளாகின்றன. 1911-ல் இவற்றை விவரித்த அன்டன் எல்ஷ்னிக்கின் பெயரால் எல்ஷ்னிக் முத்துக்கள் என்று வைத்தியர்கள் இன்றும் அழைக்கிறார்கள். வேறு சில கலங்கள் காயத்தை ஆற்றும் கலங்களாக உருமாறி, நார்ப்பொருளைச் சுரந்து, உறையைச் சுருக்கி மடிப்பு விழ வைக்கின்றன. தோலில் வெட்டுக்காயம் ஆறும்போது தழும்பு விழ வைக்கும் அதே இரசாயனச் சமிக்ஞைகள் இங்கேயும் வேலை செய்கின்றன. கண் நோயுற்றதால் இந்த மங்கல் வருவதில்லை. தன்னை ஆற்றிக்கொள்ளக் கண் எடுக்கும் முயற்சி தவறான இடத்தில் நடப்பதால் வருகிறது.

இந்தக் கலங்களின் பிடிவாதம் ஆய்வுகூடத்திலும் தெரிந்தது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானமாகக் கிடைத்த கண்களில் கண்புரைச் சத்திரசிகிச்சையைப் போலவே செய்து, காலியான உறைப்பையை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். வெளியிலிருந்து எந்தப் புரத ஊட்டமும் கொடுக்காத ஊடகத்திலும் கலங்கள் பெருகிப் பின்னுறையை மூடின. தமக்கு வேண்டிய வளர்ச்சித் தூண்டிகளை அவை தாமே தயாரித்துக்கொள்கின்றன.

எத்தனை பேருக்கு இது வரும்? பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 1998-ல் வெளியான ஒரு கணக்கின்படி, சத்திரசிகிச்சை செய்த கண்களில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 12 சதவீதத்திலும், மூன்று ஆண்டுகளில் 21 சதவீதத்திலும், ஐந்து ஆண்டுகளில் 28 சதவீதத்திலும் மங்கல் ஏற்பட்டிருந்தது. அதன்பின் எண்ணிக்கை குறைந்தது. லென்ஸின் விளிம்பை உருண்டையாக விடாமல் கூர்மையான சதுர விளிம்பாகச் செய்தால், அது அழுத்தும் இடத்தில் உறை மடிந்து கலங்களின் வழியை அடைத்துவிடும் என்று ஜப்பானின் ஒகிஹிரோ நிஷி 1990-களில் காட்டினார். விலை குறைந்த கடின லென்ஸுக்கும் இதே விளிம்பு பலன் தருகிறது என்பதை அரவிந்தில் நடந்து 2017-ல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வு உறுதிசெய்தது. ஆனாலும் மங்கல் முழுவதுமாக ஒழியவில்லை. வயது குறையக் குறையக் கலங்களின் வேகம் கூடும். பிறவிக் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்யும் குழந்தைகளில் உறையை அப்படியே விட்டால் மங்கல் அநேகமாக நிச்சயம். ஆகவே சிறு குழந்தைகளுக்கு முதல் சத்திரசிகிச்சையிலேயே பின்னுறையின் நடுப்பகுதியைத் திறந்துவிடுகிறார்கள்.

மங்கலின் தொடக்கம் எழுத்துப் பலகையில் பிடிபடாமல் போகலாம். வெள்ளைப் பலகையில் கன்னங்கரிய எழுத்துகளை நல்ல வெளிச்சத்தில் வாசிப்பது ஒன்று. ஹப்புத்தளைப் பனியில் பச்சைக்குள் இளம்பச்சையாக நிற்கும் கொழுந்தைப் பிரித்தறிவது வேறு. மங்கிய உறை ஒளியைச் சிதறடிக்கிறது, மூடுபனியும் சிதறடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சாம்பல் நிறப் படியும் அதன் நிழலும் ஒன்றாகிவிடும். இரவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கண் முழுவதும் பரவும். அரிசியில் கல் பொறுக்குவதும் ஊசியில் நூல் கோப்பதும் கடினமாகும். வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. மெதுவாக, மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் வரும்.

படிகத்திலிருந்து வரும் ஒளி

1980-க்கு முன் இதற்கு ஒரே வழி, நோயாளியை மறுபடியும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோய், கண்ணுக்குள் நுண்ணிய ஊசியையோ கத்தியையோ செலுத்தி உறையைக் கிழிப்பது. கண்ணைத் திறந்தால் தொற்றுக்கும் வழி திறக்கும். பாரிஸில் டானியேல் ஆரோன்-ரோசாவும் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஃபிரான்ஸ் ஃபங்கவுசரும் அந்தக் காலப்பகுதியில் தனித்தனியாக யாக் லேசரைக் கண் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் கண்ணைத் திறக்காமலே உள்ளே வெட்ட முடிந்தது.

யாக் என்பது யிற்றியம், அலுமினியம், ஒட்சிசன் சேர்ந்த ஒரு செயற்கைப் படிகம். அதன் அணுக்கள் கார்னெட் கல்லின் ஒழுங்கிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஊவாவில் மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டிய போன்ற இடங்களில் இரத்தினக்கல் அகழ்பவர்களுக்குக் கார்னெட் புதிதல்ல. நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நிறமற்ற யாக் படிகத்தை ஒரு காலத்தில் வைரத்துக்குப் பதிலாக நகைகளிலும் பதித்தார்கள். அதில் சிறிதளவு நியோடிமியம் கலந்தால் லேசர் ஒளி தரும் என்று 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டறிந்தார்கள்.

இந்த லேசரின் அலைநீளம் 1064 நனோமீற்றர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எங்கே படும் என்று வைத்தியர் அறிய ஒரு சிவப்பு வழிகாட்டிக் கதிரும் கூடவே வரும். ஒவ்வொரு அடியிலும் உள்ள சக்தி ஒன்றிரண்டு மில்லி யூல்தான். ஆனால் அது ஒரு செக்கனில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் வெளிவந்துவிடுகிறது. நான்கு நனோசெக்கனில் ஒரு மில்லி யூல் என்றால், அந்தக் கணத்துக்கு மட்டும் 250 கிலோவாற்று வலு. அது நுண்ணிய ஒரு புள்ளியில் குவியும்போது அங்கிருக்கும் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிய்ந்து பிளாஸ்மா உண்டாகிறது. அந்தச் சிறு வெடிப்பின் அதிர்வலை உறையைக் கிழிக்கிறது. புள்ளிக்கு முன்னும் பின்னும் கதிர் விரிந்திருப்பதால், வழியில் உள்ள கருவிழிக்கும் பின்னால் உள்ள விழித்திரைக்கும் அந்தச் செறிவு எட்டாது. "லேசர் வச்சா கண்ணு வெந்துடாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். நிறமுள்ள இழையத்தைச் சுடும் லேசர்கள் வேறு. இது தெளிவான சவ்வையும் சூடு பரவாமல் கிழிக்கும் வகை.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் எளிது. கண்மணி விரிய மருந்து விடுவார்கள். அது வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகலாம். பிறகு மரத்துப்போக இன்னொரு சொட்டு. நாடியைத் தாங்கியில் வைத்து உட்கார வேண்டும். பல இடங்களில் கண்ணின் மேல் ஒரு சிறிய லென்ஸை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். 'டக், டக்' என்று சத்தம் கேட்கும், மினுக்கென்று வெளிச்சம் தெரியும். வலி இல்லை. நடுவில் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலத்துக்குத் துவாரம் கிடைத்ததும் வேலை முடிந்தது. உறை இழுவிசையில் இருப்பதால் கிழிந்த ஓரங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். கலங்கள் ஊர்ந்துவர நடுவில் இனித் தளம் இல்லை. ஆகவே பெரியவர்களில் அநேகமாக இது ஒரு கண்ணுக்கு ஒரே தடவைதான்.

அன்று மாலை வரை பார்வை கூசும். விரிந்த கண்மணி சுருங்க நேரம் வேண்டும். சில நாட்கள் கறுப்புப் புள்ளிகள் மிதக்கலாம். முதல் சில மணி நேரத்தில் கண்ணழுத்தம் உயரக்கூடும் என்பதால் மருந்து விட்டு, தேவையானால் அளந்து பார்ப்பார்கள். விழித்திரை நடுவில் வீக்கமும் விழித்திரை விலகலும் அரிதாக வரும். கிட்டப்பார்வை மிகக் கூடியவர்களுக்கு விலகும் வாய்ப்பு சற்று அதிகம். மின்னல் அடிப்பதுபோல வெளிச்சம், திடீரென்று ஏராளமான புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எந்த மங்கல் எது?

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலர் பார்வை இழந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் பயன்படுத்திய பிரெட்னிசோலோன் சொட்டு மருந்தின் மீது சந்தேகம் விழுந்து, அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. பாராளுமன்றம் வரை பேசப்பட்ட விடயம். மலையகத் தோட்டங்களில் அந்தச் செய்தி பரவிய பிறகு, ஒபரேசன் செய்த கண்ணில் எந்த மங்கல் வந்தாலும் பயம் முதலில் வருவது இயற்கை.

சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கிருமித்தொற்றையும் பின்னுறை மங்கலையும் பிரித்தறிவது கடினமல்ல. கிருமித்தொற்று பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாட்களிலேயே வரும். வலி, சிவப்பு, வேகமான பார்வைக் குறைவு என்று வரும். மணித்தியாலக் கணக்கில் அவசரமானது. பின்னுறை மங்கல் வலியின்றி, காலம் தாழ்த்தி வரும். அவசரம் இல்லை, ஆனால் அலட்சியமும் கூடாது.

ஏனென்றால் மங்கலுக்கெல்லாம் உறையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நீரிழிவு விழித்திரையைத் தாக்கியிருக்கலாம். குளுக்கோமா சத்தமில்லாமல் பார்வை நரம்பை அரித்திருக்கலாம். முதுமையில் விழித்திரையின் மையம் தேய்ந்திருக்கலாம். அந்தக் கண்களில் உறையை மட்டும் திறந்தால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது. ஆகவே லேசருக்கு முன் கண்ணழுத்தம் அளந்து, விழித்திரையையும் பார்ப்பது வைத்தியரின் கடமை. மங்கல் மிக இலேசாக இருந்தால், "இப்போது வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம்" என்று அனுப்புவதும் சரியான வைத்தியமே.

மலையிலிருந்து பதுளை வரை

லேசருக்கு ஐந்து நிமிடம். அந்த இயந்திரத்தை அடைய ஒரு நாள். மடுல்சீமைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருப்பவர் முதலில் சந்திக்கு இறங்க வேண்டும், பசறை வரை ஒரு பஸ், பசறையிலிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ். கண்ணில் மருந்து விட்டால் தனியாகத் திரும்ப முடியாது, கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கொழுந்து பறிப்பவராக இருந்தால் அன்றைய பேர் விழாது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், இழந்த நாளும் பஸ் காசும் குடும்பத்தின் கையிலிருந்துதான் போகின்றன. "வயசாயிருச்சு, இனி என்னா பார்க்கப்போறேன்" என்று முதியவர் சொன்னதும் வீட்டாரும் விட்டுவிடுவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் மாற்றம் வேண்டும். கண் முகாம்களும் வைத்தியசாலைகளும் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே, "சில மாதத்திலோ வருடத்திலோ மறுபடி மங்கினால் பயப்பட வேண்டாம், திரும்ப வாருங்கள், லேசரில் சரிசெய்யலாம்" என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, கிளினிக் கொப்பியிலும் எழுதிக் கொடுக்கலாம். தோட்ட வைத்திய உதவியாளர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்களின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை எழுத்துப் பலகை காட்டி ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பார்க்கலாம். ஒரு கண் மங்கினாலும் மற்றக் கண் ஈடுகொடுப்பதால் பலருக்குத் தம் குறை தெரிவதே இல்லை. மங்கல் கண்ட ஐந்தாறு பேரை ஒரே நாளில் ஒரே வாகனத்தில் பதுளைக்கு அனுப்பத் தோட்ட நிர்வாகமோ தொழிற்சங்கமோ உதவினால் ஆளுக்கொரு பயணம் மிச்சம்.

வீட்டில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ இருந்தால், ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி மற்றதால் நாட்காட்டியின் திகதியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பு வாசித்ததை இப்போது வாசிக்க முடியவில்லை என்றால், பழைய கிளினிக் கொப்பியையும் சீனி, பிரஷர் மருந்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். "லென்ஸுக்குப் பின்னால் சவ்வு மங்கியிருக்கிறதா, லேசர் வைக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்த வைத்தியசாலையில் இயந்திரம் இல்லாவிட்டால், இருக்கும் இடத்துக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். லேசர் வைத்தவரை வார்டில் தங்க வைப்பதில்லை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.